விடைக்குறிப்புக்கு ஆட்சேபணை: வினா எண் 73

ஐயா,

கடலில் மூழ்கிச் செத்த கவிஞனைக்
கரையில் வைத்து எரித்தபோது
வேகாமல் மிஞ்சியது எது?
(அ) இதயம் (ஆ) ஈரல் (இ) வலது கை
(ஈ) உறுதியாகச் சொல்ல இயலாது.

உங்கள் குறிப்பு (அ) என்கிறது.
நான் (ஈ) போட்டேன்.
கட் ஆஃபுக்கும் எனக்கும் நடுவே
ஒற்றை மதிப்பெண்
ஒரு பிணத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஷூ தைக்கும் லைனில்
பதினோராவது மெஷின் என்னுடையது.
நாக்குப் பட்டை மட்டும் தைப்பேன்,
நாளைக்கு நானூறு நாக்கு.
ஒன்றும் ஆங்கிலம் பேசாது.

படித்ததெல்லாம் டீ இடைவேளையில்.
கல்லூரியில் நாய் வளர்க்கக் கூடாதென்றதும்
கரடியைக் கொண்டுவந்து கட்டியவன் ஒருவன்.
கீச்சிடும் கதவுக்கு எண்ணெய் விடாதீர்கள் என்றாளாம் ஒருத்தி,
ஆள் வரும் சத்தத்தில்
எழுதும் தாளை மறைத்துக்கொள்ள.
எங்கள் லைனில் கதவே கிடையாது.
சூப்பர்வைசரின் செண்ட் வாசனை வந்தால்
கைடு தோல்கட்டுக்கு அடியில் போய்விடும்.
இன்றும் அதன் பக்கங்களில் பசை நாற்றம்.

மனைவிக்கு உயிலில்
இரண்டாவது நல்ல கட்டிலை எழுதிவைத்தான்
ஒரு மகா நாடகாசிரியன்.
இதைச் சொன்னதும் எட்டாவது மெஷின் ஜபீனா
ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"மொதோ கட்டிலு யாருக்குப் போச்சாம்?"
கைடில் அது இல்லை.

கண் போன கவிஞனுக்கு
அவன் மகள்கள்
தங்களுக்குப் புரியாத பாஷைகளைப்
படித்துக் காட்டினார்களாம், சத்தமாக.
அந்தப் பக்கத்தை நான்
கொஞ்சநேரம் திருப்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் விதிப்படி ஆதாரம் வேண்டும்.
கைடு செல்லாது, நோட்ஸ் செல்லாது,
தரமான நூல், பக்க எண்ணோடு.
வேலூர் நூலகத்துக்குப் போனேன்.
அந்த அலமாரி பூட்டியிருந்தது.
சாவி தேர்தல் வேலைக்குப் போயிருந்தது.

ஆகவே
பாலாற்றங்கரைச் சுடுகாட்டில்
இருபத்தாறு வருடமாக வேலை செய்யும்
திரு. கன்னியப்பனை
ஞாயிறு காலையில் பார்த்தேன்.
கேள்வியைத் தமிழில் சொன்னேன்.
நான்கு விடைகளையும் வரிசையாகச் சொன்னேன்.
பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு
பரீட்சை எழுதுகிறவர் மாதிரி யோசித்தார்.

"எத்தினி நாளு தண்ணியில கெடந்தான்?"
பத்து நாள். அப்புறம் நாலு வாரம் மணலில்.
"வெறவு இன்னா வெறவு?"
தெரியாது.
"ஊறுன ஒடம்பு லேசுல வேவாதும்மா.
நெஞ்சாங்கூடு கட்சீலதான் எரியும்.
உள்ளாற கருப்பா ஒரு கட்டி நிக்கும்.
அது நெஞ்சா ஈரலான்னு
கிட்ட நின்னவனுக்கே தெரியாது.
வேணும்னு நெனக்கிறவன்
நெஞ்சுன்னு எடுத்துகினு போவான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
எழுதிக்கொண்டேன், வார்த்தை விடாமல்.
எதிரே ஆறு, அக்கரை வரைக்கும் மணல்.
"நம்மூர்ல முங்கிச் சாவணும்னா
லாரித் தண்ணி சொல்லணும்" என்று சிரித்தார்.

பிறகு அவராகவே கேட்டார்:
"அத்த யாரு எடுத்தது?"
சிநேகிதன் ஒருவன். நெருப்புக்குள் கைவிட்டு.
கை வெந்துபோயிற்று.
"அப்பறம்?"
பெண்டாட்டியிடம் போய்ச் சேர்ந்தது.
அவள் சாகும்வரை வைத்திருந்தாள் என்கிறார்கள்,
மேசை இழுப்பறையில்,
அவன் கவிதைத் தாளில் சுற்றி.

கன்னியப்பன் பீடியை மறுபடி பற்றவைத்தார்.
"அப்ப நெஞ்சுதாம்மா.
ஈரல யாரு அத்தினி வருசம் வெச்சிகினு இருப்பா?"

ஐயா,
என் ஒரே சாட்சி பிறழ் சாட்சி ஆகிவிட்டார்.
மறைக்க மனமில்லை.
ஆனாலும் மனுவை அனுப்புகிறேன்.
நீங்கள் கேட்டது எது வேகவில்லை என்று.
அவள் எதை வைத்திருந்தாள் என்றல்ல.
அப்படிக் கேட்டிருந்தால்
நானும் (அ) போட்டிருப்பேன்.

இப்படிக்கு,
ப. அஞ்சலாட்சி
முத்துக்கடை, ராணிப்பேட்டை.

இணைப்பு: ஒன்றுமில்லை.
கன்னியப்பன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.